கயிறு பிடிக்க ஒருவர்

திரேஸ்புரம் கடற்கரையில் வயது முதிர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முத்துச் சலாபத்து நினைவுகள் இன்றும் ஊறிவரும். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் சலாபம் நின்றுபோயிற்று. ஆயினும் கதைகள் நிற்கவில்லை. கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்கியவனைப் பற்றி எல்லாரும் பேசுவர். தோணியின் மேல் நின்று அவன் கயிற்றைப் பிடித்திருந்தவனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மூச்சு முட்டும் வேளையில் கீழிருந்து ஓர் இழுப்பு வரும். அதைக் கை உணர்ந்த மாத்திரத்தில் மேலே தூக்கிவிட வேண்டும். அவன் கவனம் சற்றே பிசகினாலும் கீழே இருப்பவனுக்கு மறுவாழ்வு இல்லை. அதனாலேயே கயிறு பிடிக்க மைத்துனனை நிறுத்துவது வழக்கம் என்பார்கள். உடன்பிறந்தாளின் தாலிக்குக் காவலாய் நிற்பவனைக் காட்டிலும் நம்பத் தகுந்தவன் வேறு யார்?

சில ஆண்டுகளுக்கு முன், தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், அப்படி ஓர் இழுப்பு எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் அதை உடனே உணரவில்லை. அந்தக் குறையைச் சொல்லிவிடுவதற்காகவே இதை எழுதுகிறோம்.

அன்று சிலுவைப் பாதை முடிந்து, எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த நாங்கள் சிலர் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மீன் விற்றுப் பிழைக்கும் தாய் ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். கணவனை இழந்தவள். அவளுடைய மூத்த மகனைப் புதன்கிழமை இரவு காவலர்கள் பிடித்துச் சென்றிருந்தனர். கரையில் நின்ற வள்ளம் ஒன்றிலிருந்து பேட்டரியும் ஜி.பி.எஸ். கருவியும் களவு போனதாக வழக்கு. அவனோடு வயதில் மூத்த இருவரும் பிடிபட்டிருந்தனர். மூவரும் ஒரே சிறைக்கு அனுப்பப்பட்டுவிட்டனர்.

"எம் புள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆவல அண்ணாச்சி. பத்தொம்பதுன்னு எழுதிட்டாங்களாம்" என்றாள்.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மகன் திருடவில்லை என்றுகூட வாதாடவில்லை. நாங்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரணம், அந்த வள்ளத்தின் சொந்தக்காரர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர். வாரந்தோறும் எங்களோடு அமர்ந்து இறைவார்த்தையைப் பகிர்ந்துகொள்பவர். "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் அம்மா, நாங்களும் விசாரிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சனி கழிந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அவளைக் கண்டோம். எப்போதும் முன்வரிசையில், பெண்கள் பக்கத்தில், தூண் ஓரமாய் அமர்பவள், அன்று கதவருகே செருப்புகள் கிடக்குமிடத்தில் ஒதுங்கி நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு முழ இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நாங்களும் கண்டோம். கண்டும் வீட்டிற்குப் போய்விட்டோம்.

திங்கள் மாலைதான் மனம் பொறுக்காமல் பங்கிலுள்ள இளம் வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "பையன் எந்தப் பள்ளியில் படித்தான்?" என்பது. அவன் குற்றம் செய்தானா என்று அவர் கேட்கவேயில்லை. எங்களுக்கு வியப்பாக இருந்தது. பின்னரே விளங்கியது. அவன் ஏறி நிற்க வேண்டிய நீதிமன்றம் எது என்பதையே வயதுதான் முடிவு செய்கிறது.

நம் நாட்டில் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 நடைமுறையில் உள்ளது. 18 வயது நிரம்பாத எவரையும் காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. பிடிபட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள், இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர்; இருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது. பிணை என்பது அங்கே சலுகையாக அன்றிப் பொதுவிதியாகவே வைக்கப்பட்டுள்ளது. வெளியே விட்டால் பிள்ளை தீயவர் கையில் அகப்படுவான், அவனுக்கே ஆபத்து நேரும், அல்லது நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

வயதை எப்படி அறிவது? அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் தேர்வுச் சான்று. அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. எங்கள் பையனுக்கு நேர்ந்ததோ இந்த வரிசையில் எதுவுமில்லை. சங்கு குளிப்பவர்களின் வள்ளத்தில் கையாளாகப் போய்க் கறுத்துத் திரண்டிருந்த அவன் தோள்களைப் பார்த்து, யாரோ ஒருவர் 19 என்று எழுதிவிட்டார். உழைப்பு அவன் உடலில் ஏற்றிய இரண்டு ஆண்டுகள் அவனைச் சிறைக்குள் தள்ளிவிட்டன.

பங்குத்தந்தையிடம் சென்று திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தோம். பிறந்த நாள் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: 17 வயதும் நான்கு மாதமும். எங்கள் ஐயம் நீங்கிற்று. ஆயினும் சட்டம் கேட்பது அதையன்று. ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டவன். மாற்றுச் சான்றிதழை யாரும் வாங்கி வைக்கவில்லை. செவ்வாயன்று பள்ளிக்குச் சென்றோம். தலைமையாசிரியையான அருட்சகோதரி அலமாரியைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். அதே நாள், அதே மாதம், அதே ஆண்டு. சான்று எழுதிக் கையொப்பமிடும்போது, "நன்றாகப் பாடுவானே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எங்களை வாட்டியது. இத்தனை நாள் அவன் எங்களுக்கு ஒரு வழக்காக மட்டுமே இருந்தான். பாடத் தெரிந்த பிள்ளை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்து பாடியவன்தான் அவன்.

சான்றோடு மனுத் தாக்கல் செய்யப்பட்டது. நடுவர் அதை ஏற்று, வழக்கை இளைஞர் நீதிக் குழுமத்திற்கு மாற்றினார். பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால், பெரியவர்களுக்கான சிறையில் அவன் கழித்தவை ஒன்பது நாள்கள். நாம் ஒரு நவநாளை நிறைவேற்றும் காலம் அது. அவற்றுள் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் மாலை வரையிலான மூன்று நாள்கள் எங்கள் தயக்கத்தின் கணக்கில் சேர்ந்தவை. சட்டத்தின் தவறென்றும் காவலரின் தவறென்றும் அவற்றை வேறொருவர் மேல் சுமத்த எங்களால் இயலாது.

கூர்நோக்கு இல்லத்திற்கு அவனைப் பார்க்கச் சென்றபோது அவன் அதிகம் பேசவில்லை. சிறையில் என்ன நடந்தது என்றும் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்: "அம்மா கோயில்ல எங்க நிக்காங்க?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்நாள்களில் தொடக்க நூலின் 44-ஆம் அதிகாரத்தை நாங்கள் மீண்டும் மீண்டும் வாசித்தோம். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். எகிப்திலிருந்து தானியம் வாங்கித் திரும்பும் சகோதரர்களை யோசேப்பின் ஆள்கள் வழிமறிக்கிறார்கள். இளையவன் பென்யமினின் சாக்கில் வெள்ளிக் கிண்ணம் அகப்படுகிறது. திருட்டுக் குற்றம், கையும் களவுமாய்ப் பிடிபட்ட இளையவன், எதிரே அதிகாரம் படைத்த ஆளுநர். அப்போது யூதா முன்வருகிறான். அவன் பேச்சைக் கவனித்தால் ஒன்று விளங்கும். "இவன் திருடவில்லை" என்று அவன் எங்கும் வாதாடவில்லை. அந்தக் கிண்ணம் எப்படி வந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது. இளையவன் இல்லாமல் தந்தையின் முகத்தில் விழிக்க மாட்டேன், இவனுக்குப் பிணை நிற்பவன் நான், இவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளும் என்பதே அவன் வாதம்.

இதைச் சொல்கிற யூதா யார்? முன்னொரு நாள் இதே சகோதரர்கள் நடுவே, யோசேப்பை வணிகரிடம் விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவனே. ஓர் இளையவனை விற்றவன், இன்னோர் இளையவனுக்குப் பிணையாக நிற்கிறான். அவனுடைய பாவமன்னிப்பு அங்கேதான் நிகழ்கிறது என்று எங்களுக்குத் தோன்றியது. தூய ஆவியாரை நாம் துணையாளர் என்று அழைக்கிறோம். அதற்கான கிரேக்கச் சொல், அருகில் நிற்குமாறு அழைக்கப்பட்டவர் என்று பொருள்படும்; வழக்கில் பரிந்துரைத்துப் பேசுபவரையும் அது குறிக்கும். பிணை என்பதும் பரிந்துபேசுதல் என்பதும் வழக்கறிஞர் தொழிலுக்கு மட்டும் உரியவை என்று எண்ணியிருந்த நாங்கள், அவை திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் உரியவை என்பதைக் காலந்தாழ்ந்தே கற்றோம்.

இந்தக் கரைக்கு இது புதிய பாடமும் அன்று. 1542-இல் இங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், பிள்ளைகளைக் கூட்டி மன்றாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார் என்பதை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அவரே, இக்கரை மக்களை வருத்திய போர்த்துக்கீசிய அதிகாரிகளைக் கண்டித்துக் கடிதங்கள் எழுதினார் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். மன்றாட்டும் பரிந்துபேசுதலும் அவரிடத்தில் ஒன்றாகவே இருந்தன. அவ்வாறே, 1841-இல் குருவான தொன் போஸ்கோ, தம் ஆன்மகுரு கஃபாசோவுடன் தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றார். விடுதலையாகிப் போன சிறுவர்கள் மீண்டும் மீண்டும் அங்கே திரும்பி வருவதைக் கண்டார். வெளியே அவர்களை ஏற்றுக்கொள்ள எவருமில்லை என்பதே அதற்குக் காரணம் என்று உணர்ந்தார். அந்த உணர்விலிருந்தே அவரது பணி வளர்ந்தது. 2013-ஆம் ஆண்டுப் பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை நகரின் காசல் தெல் மார்மோ சிறார் சிறைக்குச் சென்று, பன்னிரு இளையோரின் பாதங்களைக் கழுவினார். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்டுவிட்டா அவர் தண்ணீர் ஊற்றினார்?

தமிழ் மண்ணும் இத்துறையில் முன்னோடியே. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதன்முதல் இயற்றப்பட்டது 1920-இல், சென்னை மாகாணத்தில். பின்னர் 1986-இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. அது பையன்களுக்கு 16 வயதையே எல்லையாக வைத்தது. எங்கள் பையன் அக்காலத்தில் பிடிபட்டிருந்தால் பெரியவனாகவே கருதப்பட்டிருப்பான். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 1992-இல் இந்தியா ஏற்றது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை இருபாலார்க்கும் 18 ஆக்கியது. 2012-இல் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின் நாட்டில் எழுந்த சினம், 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு விதியைச் சேர்த்தது: மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழுமம் ஆய்ந்து, பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். அந்தச் சினத்தில் நியாயம் இல்லையென்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆயினும் கொடிய குற்றத்தை நினைத்து எழும் சினம், பேட்டரி திருடியவன் மேலும் விழுந்துவிடுகிறது என்பதைக் கண்ணால் கண்டோம்.

சட்டம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது. 2022-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில், செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ரயில்வே பேட்டரியைத் திருடியதாகவே அவன்மீதும் குற்றச்சாட்டு. இல்லத்துப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அதன்பின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒரு நபர் குழுவாக நியமித்தது. இத்தகைய இல்லங்களின் நிலையை ஆய்ந்து அவர் 2023-இல் அறிக்கை அளித்தார். அச்செய்தியை வாசித்த நாளில் நாங்கள் எங்கள் பையனை நினைத்துக்கொண்டோம். பொருள் ஒன்று, வயது ஒன்று. அவனுக்கும் ஒரு தாய் இருந்தாள்.

நம் ஊரும் 2018-ஐ மறக்கவில்லை. அவ்வாண்டு மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் உயிரிழந்தவர்களுள் திரேஸ்புரத்துத் தாய் ஒருவரும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருவரும் உண்டு. தொடர்ந்து இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். நீதிமன்றத்தின் ஆணைப்படி நடுவர் ஒருவர் வல்லநாடு துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திற்கு நேரில் சென்றபோது, அங்கே 95 பேர் அடைத்துவைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நகரத்து வழக்கறிஞர்கள் பலர் அந்நாள்களில் கைம்மாறு கருதாது ஓடியாடி உழைத்தனர். 2021-இல் அரசு அப்போராட்டத்தின் தொடர்பிலான வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெறவும், படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று வழங்கவும் ஆணையிட்டது. ஒரு வழக்கு எண் ஓர் இளைஞனின் வாழ்வில் எத்தனை கதவுகளை அடைக்கும் என்பதை அன்று ஊரே உணர்ந்தது.

எங்கள் பையனின் வழக்கிற்கு வருவோம். குழுமத்தின் முன் அவன் உண்மையைச் சொன்னான். மூத்தவர் இருவரோடு சேர்ந்து பேட்டரியைக் கழற்றியவன் அவனே. பென்யமினைப் போல் அவன் குற்றமற்றவன் அல்லன். நன்னடத்தை அலுவலர் வீட்டிற்கு வந்து பார்த்து, அறிக்கை எழுதினார். தாயின் பொறுப்பில் அவன் பிணையில் விடப்பட்டான். எங்களில் இருவரும் உடன் நின்று பொறுப்பேற்றோம். இத்தகைய விசாரணையை நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடிவில், அறிவுரை கூறி, குறிப்பிட்ட காலம் சமூகப் பணி செய்யுமாறு பணித்து, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் அவனை அனுப்பினர்.

வள்ளக்காரரைப் பற்றியும் சொல்லாவிட்டால் இது பாதி உண்மையே ஆகும். அவரைப் பார்க்க நாங்கள் சென்றபோது அவர் கேட்டார்: "அவன் வீட்டுக்குப் போனீங்க, கோர்ட்டுக்குப் போனீங்க. அஞ்சு நாள் என் வள்ளம் கடலுக்குப் போகல. எங்க வீட்டுக்கு யார் வந்தீங்க?" நியாயமான கேள்வி. கடன்பட்டு வாங்கிய கருவி. அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இழந்தவருக்கு ஆறுதல் சொல்லாமல் எடுத்தவனுக்குப் பரிந்துபேசினால், இரக்கம் ஒருபக்கம் சாய்ந்த தராசாகிவிடும். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அன்பியத்தார் சேர்ந்து அவர் இழப்பில் ஒரு பகுதியைத் தந்தோம். அவர் பையனை மன்னித்துவிட்டதாக இன்றுவரை சொல்லவில்லை. அதைச் சொல்லும்படி கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் அன்பியக் கூட்டத்திற்கு வருவதை அவர் நிறுத்தவில்லை.

இன்று அந்த இளைஞன் தோணியில் வேலை செய்கிறான். கடவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்தபோது, பழைய வழக்கு குறுக்கே நிற்குமோ என்று தாய் நடுங்கினாள். குழுமம் தீர்த்துவைத்த இத்தகைய வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதியின்மையும் நேரக்கூடாது, உரிய காலத்திற்குப் பின் பதிவுகளும் அழிக்கப்பட வேண்டும் என்று சட்டம் விதித்திருப்பதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். புதிய தொடக்கம் என்பதை அச்சட்டம் ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஒப்புரவு அருள்சாதனத்தை அறிந்த நமக்கு இது அந்நியமான கருத்தா? அவன் பெயரை இங்கு எழுதாமல் விட்டதும் இதனாலேயே. சட்டமும் தடுக்கிறது, அன்பும் தடுக்கிறது.

அன்பு வாசகர்களே, நாம் செய்யக்கூடியவை அரிய செயல்கள் அல்ல. நம் பங்கில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் சான்றுகளும் பிறப்புச் சான்றுகளும் வீட்டில் உள்ளனவா என்று அன்பியந்தோறும் பார்க்கலாம். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும், வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தகுதியும் அனுபவமும் உள்ள பொதுநிலையினர் நீதிக் குழுமத்தின் சமூகப் பணியாளர் இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டு 5 அன்று பனிமய மாதாவின் திருவிழாவைப் பெருமகிழ்ச்சியோடு கொண்டாடுகிறோம். அதை அடுத்து வரும் அம்மாதத்து இரண்டாம் ஞாயிற்றை இந்தியத் திருஅவை சிறைப்பணி ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. திருவிழாக் களைப்பில் அந்த ஞாயிற்றை நாம் மறந்துவிடலாகாது.

இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக ஒன்று உண்டு. அந்தத் தாயின் மகன் பிணையில் வந்த வார ஞாயிற்றுக்கிழமை, அவள் அப்போதும் கதவருகேதான் நின்றாள். எங்களில் ஒருவருடைய மனைவி, வருகைப் பாடல் தொடங்கியதும் எழுந்து பின்னால் சென்று, அவள் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்துவந்து, தூண் ஓரத்துப் பழைய இடத்தில் தம் அருகே அமர்த்திக்கொண்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பத்தடித் தூரத்தை நாங்கள் முதல் ஞாயிறே நடந்திருக்க வேண்டும்.

கீழிருந்து இழுப்பு எப்போது வரும் என்று தெரியாது. கயிறு கையில் இருக்கட்டும்.